கைத்துப்பாக்கித் தோட்டாவின் தேர்வு: ஒரு வரலாற்றுப் பார்வை

தற்காப்புக்கான கைத்துப்பாக்கியில் எத்தகைய தோட்டாவைப் பயன்படுத்த வேண்டும் என்ற கேள்வி ஏறத்தாழ 130 ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இராணுவ அதிகாரிகள், அறுவை மருத்துவர்கள், காவல்துறையினர், சட்ட அறிஞர்கள் எனப் பலரும் இதில் பங்குகொண்டுள்ளனர். தாக்க வருபவரை உடனே நிறுத்த வேண்டும் என்பது ஒரு தேவை. தேவைக்கு மேல் துன்பம் விளையக் கூடாது, அருகில் நிற்பவருக்கு ஆபத்து நேரக் கூடாது என்பது மற்றொரு தேவை. இவ்விரண்டுக்கும் இடையில் நடந்த இழுபறியே இந்த வரலாறு எனலாம்.

இந்த வரலாற்றில் ஒரு நிகழ்வு திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஏதோ ஓர் இடத்தில் தோல்வி நேர்கிறது. பழி தோட்டாவின் மேல் விழுகிறது. உடனே புதிய தோட்டா ஒன்று உருவாகிறது. பழி எந்த அளவுக்கு நியாயமானது என்பதை முக்கியமான சில கட்டங்களின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது.

அடிப்படைச் சொற்கள்

தோட்டா, குண்டு என்னும் இரு சொற்களையும் பேச்சு வழக்கில் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம். இக்கட்டுரையில் அவை வேறுபடுத்தப்படுகின்றன. பித்தளைக் கூடு, அதன் அடியில் உள்ள பற்றவைப்பு மூடி, உள்ளே உள்ள வெடிமருந்து, முனையில் செருகப்பட்ட குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. சுடும்போது குழல் வழியே பறந்து செல்லும் பகுதி மட்டுமே குண்டு.

குண்டு பெரும்பாலும் ஈயத்தால் ஆனது. அதன் மேல் செம்புக் கலவையால் ஆன மெல்லிய உறை இருப்பதுண்டு. முனை வரை முழுவதும் உறையால் மூடப்பட்டது முழு உறைக் குண்டு. முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரிவது மென்முனைக் குண்டு. முனையில் பள்ளம் உள்ளது குழிமுனைக் குண்டு. முழு உறைக் குண்டு பெரும்பாலும் வடிவம் மாறாமல் உடலைத் துளைத்துச் செல்லும். மற்ற இரண்டும் உடலுக்குள் விரிந்து, வேகம் குறைந்து, பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும்.

கல்கத்தாவின் டம்டம்

இன்று கொல்கத்தாவின் விமான நிலையம் அமைந்திருக்கும் பகுதிக்கு டம்டம் என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் அங்கே ஒரு படைக்கலத் தொழிற்சாலை இயங்கியது. விரியும் குண்டுகள் அனைத்துக்கும் உலகெங்கும் வழங்கும் 'டம்டம்' என்ற பெயர் அந்த ஊரிலிருந்து வந்ததே.

பிரிட்டிஷ் படையினர் முன்பு பயன்படுத்திய மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் குண்டு பெரியது. உறையற்ற ஈயத்தால் ஆனது. அதற்குப் பதிலாக வந்த .303 ரைபிளின் குண்டு மெல்லியது, வேகமானது, முழு உறை கொண்டது. 1895ஆம் ஆண்டு வடமேற்கு எல்லையில் சித்ரால் படையெடுப்பு நடந்தது. புதிய குண்டு பட்டும் எதிரிகள் விழாமல் முன்னேறி வருகிறார்கள் என்று அங்கிருந்து புகார்கள் எழுந்தன. இதையடுத்து டம்டம் தொழிற்சாலையின் கண்காணிப்பாளர் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே குண்டின் முனையிலிருந்த உறையை மட்டும் நீக்கி, ஈயம் வெளியே தெரியும்படி ஒரு குண்டை வடிவமைத்தார். 1897ஆம் ஆண்டு திரா போரில் அது பயன்படுத்தப்பட்டது.

டம்டம் குண்டு ரைபிளுக்கானது. எனினும் அதே சிந்தனை விரைவில் கைத்துப்பாக்கிக்கும் வந்தது. 1898ஆம் ஆண்டளவில் வெப்லி ரிவால்வருக்காக .455 அளவில், முனையில் கிண்ணம் போன்ற குழி உள்ள தோட்டா ஒன்றை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. 'ஆளை நிறுத்தும் தோட்டா' என்ற பொருளிலேயே அதற்குப் பெயர் வழங்கியது. பின்னாளில் தற்காப்புத் தோட்டா பற்றிய பேச்சு முழுவதையும் ஆண்ட சொல் இந்த 'நிறுத்தும்' என்ற சொல்லே.

ஹேக் மாநாடும் தடையும்

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் முயற்சியால் 1899ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஹேக் நகரில் அமைதி மாநாடு கூடியது. உடலுக்குள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்ற பிரகடனம் 1899 ஜூலை 29 அன்று அங்கே கையெழுத்தானது. பிரிட்டனும் அமெரிக்காவும் இதை எதிர்த்தன. நாகரிக நாட்டுப் படைவீரன் குண்டு பட்டதும் விழுந்துவிடுவான், 'காட்டுமிராண்டி' விழமாட்டான், ஆகவே அவனுக்குக் கடுமையான குண்டு தேவை என்னும் கருத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதி ஜெனரல் ஜான் ஆர்டா வாதிட்டார். அந்த வாதத்திற்கு உடற்கூற்றில் எந்த ஆதாரமும் இல்லை. மனித உடல் எல்லா நாட்டிலும் ஒன்றே. தம் மண்ணைக் காக்கப் போராடியவர்களின் மன உறுதியை அவர்களுடைய இனத்தின் இயல்பாகக் காட்டிய காலனியப் பார்வை அது.

பிரிட்டன் 1907ஆம் ஆண்டு அந்தப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. குழிமுனை வெப்லி தோட்டாவும் போர்ப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹேக் பிரகடனம் அதை ஏற்ற நாடுகள் தமக்குள் நடத்தும் போருக்கு மட்டுமே பொருந்தும். ஒரு நாட்டின் காவல்துறை தன் ஊர்த் தெருவில் எதைப் பயன்படுத்தலாம் என்று அது கூறவில்லை. போரில் தடைசெய்யப்பட்ட வகைக் குண்டு பிற்காலத்தில் காவல்துறையின் வழக்கமான குண்டாக மாறியதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

பிலிப்பைன்ஸ் போரும் சிகாகோ சோதனையும்

அமெரிக்க இராணுவம் 1892ஆம் ஆண்டு .38 அளவு ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. 1898ஆம் ஆண்டு ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகள் அமெரிக்காவின் கைக்கு வந்தன. அங்கே தெற்குப் பகுதியில் மோரோ மக்களுடன் கடும் சண்டை மூண்டது. மிக நெருக்கத்தில் வாளுடன் பாய்ந்து வருபவரை .38 குண்டுகள் நிறுத்தவில்லை என்று படையினர் முறையிட்டனர். பழைய .45 ரிவால்வர்கள் மீண்டும் வழங்கப்பட்டன.

இதை ஆராய 1904ஆம் ஆண்டு இருவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் படைக்கலத் துறையின் ஜான் தாம்சன். பின்னாளில் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியால் பெயர் பெற்றவர். மற்றவர் இராணுவ மருத்துவர் லூயி லகார்ட். சிகாகோ நகரின் இறைச்சிக் கூடத்தில் உயிருள்ள மாடுகளைச் சுட்டு, அவை விழ எத்தனை குண்டுகள் தேவைப்பட்டன என்று பார்த்தனர். மனிதச் சடலங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, அவை எவ்வளவு அசைகின்றன என்று கண்ணால் மதிப்பிட்டனர்.

இன்றைய அறிவியல் நோக்கில் இந்தச் சோதனை குறைபாடுடையது. மாட்டின் உடலமைப்பு வேறு; சடலத்தின் அசைவு எதையும் உறுதியாகச் சொல்லாது; முடிவுகளும் ஒன்றுக்கொன்று சீராக அமையவில்லை. இருப்பினும், படைக்கான கைத்துப்பாக்கியின் அளவு .45க்குக் குறையக் கூடாது என்று அறிக்கை பரிந்துரைத்தது. அதன் வழியே ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கி 1911ஆம் ஆண்டு ஏற்கப்பட்டு, 1985ஆம் ஆண்டு வரை அமெரிக்கப் படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது.

அதே அறிக்கையில் மற்றொரு பரிந்துரையும் இருந்தது. உடலின் பெரும்பகுதியில் படும் குண்டு .45 ஆக இருந்தாலும் ஆளை உடனே நிறுத்தும் என்று நம்ப முடியாது; ஆகவே படைவீரர்களுக்குக் குறி தவறாமல் சுடும் பயிற்சியை இடைவிடாது அளிக்க வேண்டும் என்பதே அது. முதல் பரிந்துரை உலகப் புகழ் பெற்றது. இரண்டாவது பரிந்துரையை நினைவில் வைத்திருப்பவர் குறைவு.

சாய்க்கும் சக்தி: ஓர் எளிய கணக்கு

பெரிய குண்டு ஆளைத் தூக்கி எறியும் என்ற நம்பிக்கை திரைப்படங்களால் மேலும் வலுப்பெற்றது. பள்ளி இயற்பியல் கொண்டே இதைச் சோதித்துப் பார்க்கலாம். உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கக் கிடைப்பது.

.45 குண்டின் நிறை சுமார் 15 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 250 மீட்டர். உந்தம் 0.015 × 250 = 3.75 கிலோகிராம் மீட்டர்/நொடி. ஒரு கிரிக்கெட் பந்தின் நிறை சுமார் 160 கிராம். மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வீசப்பட்டால் அதன் உந்தம் 0.16 × 25 = 4. அந்த வேகத்தில் வீசப்படும் பந்தின் உந்தம் .45 குண்டினுடையதை விடச் சற்றே அதிகம்! 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் அந்தக் குண்டு முழுமையாகத் தங்கினாலும் அவருக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 6 சென்டிமீட்டர் அளவே. மேலும், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, ஆளைத் தூக்கி எறியும் குண்டு சுட்டவரையும் தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

குண்டு ஆளைத் தள்ளுவதில்லை, துளைக்கிறது. மூளை, தண்டுவடம் ஆகியவை தாக்கப்பட்டால் மட்டுமே உடனடியாக இயக்கம் நிற்கும். இதயமே பழுதானாலும் மூளையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஒருவர் 10 முதல் 15 நொடிகள் வரை செயல்பட இயலும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். பிலிப்பைன்ஸில் படையினர் கண்டது இதையே.

காவல்துறையும் குழிமுனைக் குண்டும்

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கக் காவல்துறையினர் .38 ஸ்பெஷல் ரிவால்வரையே பயன்படுத்தினர். உருண்டை முனை கொண்ட ஈயக் குண்டே அதில் இடப்பட்டது. 1960களில் எடை குறைந்த, வேகம் மிகுந்த குழிமுனைக் குண்டுகள் சந்தைக்கு வந்தன. 1970களில் பல காவல்துறைகள் அவற்றுக்கு மாறத் தொடங்கின.

அக்காலத்தில் அரசின் உதவியுடன் தோட்டாக்களைத் தரவரிசைப்படுத்தும் ஆய்வு ஒன்று நடந்து, 1975ஆம் ஆண்டு வெளியானது. குண்டு செல்லும்போது உடல் திசு ஒரு கணம் பலூன் போல் விரிந்து மீண்டும் சுருங்குகிறது. இந்தத் தற்காலிக விரிவுக்கே அந்த ஆய்வு அதிக மதிப்பெண் அளித்தது. இதனால் வேகமாக விரிந்து, அதிக ஆழம் செல்லாத குண்டுகள் பட்டியலில் முன்னிலை பெற்றன. அப்போதே சிலர் இதை ஆட்சேபித்தனர். ஆனால் எண்களுடன் வந்த அட்டவணைக்கு எதிராக அவர்களுடைய குரல் எடுபடவில்லை.

மயாமி, 1986 ஏப்ரல் 11

வங்கிக் கொள்ளையில் தேடப்பட்டு வந்த இருவரை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் 8 அதிகாரிகள் அன்று மயாமி அருகே மடக்கினர். சில நிமிடங்களே நீடித்த சண்டையில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை சுடப்பட்டது. பெஞ்சமின் குரோகன், ஜெரி டவ் ஆகிய இரு அதிகாரிகள் உயிரிழந்தனர். மேலும் 5 பேர் காயமடைந்தனர். கொள்ளையர் இருவரும் கொல்லப்பட்டனர்.

சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு 9 மி.மீ. குழிமுனைக் குண்டு கொள்ளையரில் ஒருவரின் வலது கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன்பாக நின்றுவிட்டது. பிழைக்க வாய்ப்பில்லாத காயம் அது. ஆயினும் அவர் அதன் பிறகும் தொடர்ந்து சுட்டார். அதிகாரிகள் இருவரும் உயிரிழந்தது அதற்குப் பின்னரே.

எஃப்.பி.ஐ. இத்தோல்விக்கு அந்த 9 மி.மீ. குண்டையே முதன்மைக் காரணமாகக் கூறியது. வேறு காரணங்களும் இருந்தன. கொள்ளையரிடம் அரைத் தானியங்கி வகை ரைபிள் இருந்தது. அதிகாரிகள் பெரும்பாலோரிடம் கைத்துப்பாக்கி மட்டுமே கைக்கு எட்டும் நிலையில் இருந்தது. கடைசியில் சண்டையை முடித்து வைத்தது, கையில் படுகாயமடைந்த ஓர் அதிகாரி அருகே சென்று ரிவால்வரால் சுட்ட .38 ஸ்பெஷல் குண்டுகளே. எந்த அளவு போதாது என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டதோ, ஏறத்தாழ அதே அளவு.

ஜெலட்டின் சோதனையும் 9 மி.மீ. திரும்பியதும்

1987ஆம் ஆண்டு எஃப்.பி.ஐ. மருத்துவர்களையும் வல்லுநர்களையும் குவான்டிகோ நகரில் கூட்டியது. வியட்நாம் போரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் அவர்களுள் முக்கியமானவர். தசையை ஒத்த ஜெலட்டின் கட்டிகளில் சுட்டு, குண்டு செல்லும் ஆழத்தையும் அது விடும் நிலையான துளையையும் அளக்கும் முறையை அவர் செம்மைப்படுத்தியிருந்தார். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் தற்காலிக விரிவு பெரும்பாலும் நிலையான சேதம் விளைவிப்பதில்லை. குண்டு நேரடியாகக் கிழித்துச் செல்லும் பாதையே முக்கியம் என்பது அவருடைய கருத்து.

அதன்படி, குண்டு ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம், அதாவது சுமார் 30 சென்டிமீட்டர் செல்ல வேண்டும் என்றும், 18 அங்குலத்தைத் தாண்டுவது தேவையில்லை என்றும் அளவுகோல் வகுக்கப்பட்டது. குறைந்தபட்ச ஆழம் மயாமியில் கற்ற பாடம். அதிகபட்ச எல்லையோ, உடலைக் கடந்து வெளியேறும் குண்டு பிறர்மேல் பட்டுவிடக் கூடாது என்னும் அக்கறை. கனத்த ஆடை, மரப்பலகை, கார்க் கண்ணாடி போன்ற தடைகளுக்குப் பின்னால் வைத்தும் சோதிக்கும் முறை வந்தது. இன்று பல நாடுகளின் காவல்துறைகள் இந்த முறையைப் பின்பற்றுகின்றன.

எஃப்.பி.ஐ. முதலில் 10 மி.மீ. அளவுக்கு மாறியது. அதன் உதைப்பு மிகுதியாக இருந்ததால் வெடிமருந்தைக் குறைத்துப் பயன்படுத்தியது. அதிலிருந்தே 1990ஆம் ஆண்டு .40 அளவுத் தோட்டா பிறந்தது. 1990களின் இறுதியில் எஃப்.பி.ஐ. அதற்கு மாறியது. பின்னர் 2014ஆம் ஆண்டு, ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன் கைவிட்ட 9 மி.மீ. அளவே போதும் என்று அதன் பயிற்சிப் பிரிவு முடிவுக்கு வந்தது. குண்டின் வடிவமைப்பு மேம்பட்டுவிட்டதால் 9 மி.மீ., .40, .45 ஆகியவற்றின் காயங்களில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை, 9 மி.மீ.யின் உதைப்பு குறைவு என்பதால் பெரும்பாலோர் அதில் விரைவாகவும் துல்லியமாகவும் சுடுகின்றனர் என்பவை காரணங்கள். உண்மைச் சண்டைகளில் காவலர் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 விழுக்காடு குறி தவறுகின்றன என்றும் அந்த அறிக்கை குறிப்பிட்டது. லகார்டும் தாம்சனும் 1904ஆம் ஆண்டு எழுதிய இரண்டாவது பரிந்துரை 110 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மேசைக்கு வந்தது.

அருகில் நிற்பவரின் உயிர்

நியூயார்க் காவல்துறை 1993ஆம் ஆண்டு 9 மி.மீ. கைத்துப்பாக்கிக்கு மாறத் தொடங்கியபோது முழு உறைக் குண்டுகளையே வழங்கியது. போரில் தடைசெய்யப்பட்ட வகையை மக்கள் மீது பயன்படுத்துவதா என்ற எதிர்ப்பு இருந்தது. ஆனால் முழு உறைக் குண்டு ஒருவரைத் துளைத்து வெளியேறி வழிப்போக்கரையோ சக காவலரையோ தாக்கியது. எனவே 1998ஆம் ஆண்டு குழிமுனைக் குண்டுக்கு மாறும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஹேக் மாநாட்டில் மனிதநேயத்தின் பெயரால் விலக்கப்பட்ட குண்டு, நெரிசல் மிகுந்த நகரத்தில் பொதுமக்களின் பாதுகாப்பின் பெயரால் திரும்பி வந்தது.

2012 ஆகஸ்ட் 24 அன்று அதே நகரில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் துப்பாக்கி ஏந்திய கொலையாளி ஒருவரை இரு காவலர்கள் 16 முறை சுட்டனர். அவர் இறந்தார். வழிப்போக்கர்கள் 9 பேர் காயமடைந்தனர். அனைத்தும் காவலர்களின் குண்டுகளாலோ அவற்றின் சிதறல்களாலோ ஏற்பட்ட காயங்கள். குழிமுனைக் குண்டு உடலில் பட்டால்தான் விரியும். குறி தவறிய குண்டுக்கும், சுவரில் பட்டுத் தெறித்த சில்லுக்கும் அந்த வடிவமைப்பால் பயனில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டிய ஒன்று. 9 மி.மீ. போன்ற அளவுகள் தடைசெய்யப்பட்ட வகையில் அடங்குவதால், உரிமம் பெற்ற பொதுமக்களிடம் பெரும்பாலும் .32 அளவுக் கைத்துப்பாக்கிகளே உள்ளன. ஆக, இங்கே தோட்டாவின் அளவைச் சட்டமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் கூறப்பட்டுள்ளது. முன்பு இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. தற்காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகமான தீங்கு விளைவிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பது அதன் அடிப்படை. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாடக் கால அவகாசம் இருக்கும்போதும் அந்த உரிமை எழாது.

முடிவுரை

டம்டம் முதல் குவான்டிகோ வரையிலான வரலாறு ஒரு செய்தியைத் தெளிவாகக் கூறுகிறது. தோட்டாவின் அளவும் வடிவமும் பொருட்படுத்தத்தக்கவையே. ஆனால் அவற்றின்மேல் சுமத்தப்பட்ட பழியும் வைக்கப்பட்ட நம்பிக்கையும் அவற்றின் தகுதிக்கு மீறியவை. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் புதிய தோட்டாவை வாங்குவது எளிதாக இருந்தது. பயிற்சியை, திட்டமிடலை, சுடாமல் தவிர்க்கும் முடிவை ஆராய்வது கடினமாக இருந்தது. அதனாலேயே எஃப்.பி.ஐ. போன்ற பெரிய அமைப்பும் சுற்றி வளைத்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவும் ஒருவரை உடனடியாக நிறுத்தும் என்று உறுதி கூற முடியாது என்பது மருத்துவம் கூறும் உண்மை. குழலை விட்டுப் புறப்பட்ட எந்தக் குண்டையும் திரும்ப அழைக்க முடியாது என்பது அனைவரும் அறிந்த உண்மை. தற்காப்பைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.